நாலாம் லைன் கட்டைகள்

ரயில் மோதியது என்று சொன்னால் ஜனங்கள் முதலில் கேட்பது எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான். யாரும் சாகவில்லை என்றதும் முகம் தொங்கிவிடும். எங்கள் தெருவில் காய்கறி வண்டியைச் சுற்றி நின்ற பெண்கள் அப்படித்தான் கேட்டார்கள். "அவ்ளோதானா?" என்றாள் ஒருத்தி, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே. அவ்வளவுதான் தாயே. டிரைவர் இல்லாத ஒரு ரயில், மனிதன் நடக்கிற வேகத்தில் தானாக உருண்டு போய், நின்றுகொண்டிருந்த இன்னொரு ரயிலை முட்டியது. பேப்பரில் ஒரு மூலையில்கூட வரவில்லை. நான் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

எனக்கு உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். வெளியூர்க்காரர்கள் உத்திரமேரூருக்குக் கல்வெட்டு பார்க்கக் காரில் வருவார்கள். எங்களுக்கு அது பஸ் ஸ்டாண்டு, உரக்கடை, கூட்டுறவு வங்கி. ரயில் அங்கே கிடையாது. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தார். ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள், பளபளக்கிற ஆரஞ்சுச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, விடிகாலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய், மின்சார ரயில்களை நிறுத்தி வைக்கிற ஒரு டிப்போவில் இறங்க ஆரம்பித்தேன். என் மகள் அப்போது ஏழாவது படித்தாள். இப்போது கல்லூரி இரண்டாம் வருடம்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டி உள்ளே வரும்போது கொடி காட்ட வேண்டும், பெட்டிகளைக் கோர்க்க வேண்டும், கழற்ற வேண்டும். வண்டி நின்றதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும். லாரிக்காரன் மேட்டில் நிறுத்தினால் டயருக்குக் கல் வைப்பானே, அதேதான். எங்களுடையது ஆப்பு மாதிரி சீவிய மரக்கட்டை. பிரேக்கில் இருக்கிற காற்று மணி ஆக ஆக இறங்கிவிடும், அதனால் நிற்கிற வண்டியைக் கட்டை இல்லாமல் நம்பவே கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கட்டை வைத்தவர் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்தவரும் அப்படியே. இது எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. புதிதாக வந்தவர்களுக்கு நானே வாய் கிழியச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என்னோடு ஒரே ஷிப்டில் ஒருவன் இருந்தான். காஞ்சிபுரத்தில் அவன் அண்ணன்கள் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். டிப்போவில் எல்லோரும் அவனை "பாய்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தம்பி என்பேன். நாற்பதை நெருங்குகிற ஆள், முன்னந்தலை வழுக்கை, ஆனாலும் எனக்குத் தம்பிதான். அவனுக்கு ஒரே ஆசை, ரயில் ஓட்ட வேண்டும். டிபார்ட்மெண்டுக்குள்ளேயே எழுதுகிற டிரைவர் பரீட்சை ஒன்று இருக்கிறது. இரண்டு வருடமாக அதற்குப் படித்துக்கொண்டிருந்தான். வயது வரம்பு இருந்ததால் அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. டியூட்டி ரூமில் டீ ஆறிப்போகும், அவன் உதட்டை அசைத்துக்கொண்டு எதையோ மனப்பாடம் பண்ணிக்கொண்டிருப்பான்.

"இன்னா தம்பி, புள்ளையோட பொஸ்தகத்தையா தூக்கிக்கினு வந்துட்ட?" என்று கேட்பேன்.

"சிரிக்காதக்கா. அவன் வூட்டுல வாய்ப்பாடு படிக்கிறான், நான் இங்க கரண்டு படிக்கிறேன். ரெண்டு பேருல யாரு பாஸ் ஆவறோம்னு என் பொண்டாட்டி பந்தயம் கட்டிக்கினு கீறா."

டியூட்டி ரூம் சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். தினமும் தாளைக் கிழிப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, முதலில் வருகிறவள் நான் என்பதால். பரீட்சை தேதி தெரிந்த அன்றைக்கு அவன் தாள்களைப் புரட்டிப் பிடித்து, அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தான். "அக்கா, அன்னைக்கு மட்டும் என் டியூட்டிய நீ பாத்துக்க" என்றான். பார்த்துக்கிறேன் என்றேன்.

ஆயுத பூஜை எங்கள் டிப்போவில் ஊர்த் திருவிழா மாதிரி. ஒவ்வொரு வண்டிக்கும் மாலை, வாழைக்கன்று, எலுமிச்சம்பழம். ஒவ்வொரு பிரிவும் தன் சாமான்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கும். அடுக்கியதை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. அன்றைக்கு யார்டு வேலையை வருடா வருடம் பாய் பார்த்துக்கொள்வான். அவன் பண்டிகைக்கு நாங்கள் அவன் டியூட்டியைப் பார்ப்போம். எழுதி வைக்காத ஏற்பாடு, ஆனால் ஒரு வருடமும் தவறியதில்லை.

அந்த வருடம் எலக்ட்ரிக்கல் பிரிவுக்காரர்கள் பூஜையைப் பிரமாதமாகச் செய்துவிட்டார்கள். மீட்டர், டெஸ்டர், ஸ்பேனர் எல்லாம் பளபளவென்று அடுக்கி, சுற்றிலும் சீரியல் லைட். எங்கள் பக்கம் என்ன இருந்தது? ரெண்டு கொடி, ஒரு விசில், சாயம் போன கை விளக்கு. அவர்களில் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சாமிக்கே கொடி காட்டப் போறீங்களா?" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. என் கோபம் அப்படி. ஒரு சொல் போதும், உச்சந்தலைக்கு ஏறிவிடும்.

கட்டை ஸ்டாண்டில் இருந்ததெல்லாம் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன பழையவை. புதுசாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்த நல்ல ஜோடி ஒன்று நாலாம் லைனில் நின்ற வண்டிக்கு அடியில் இருந்தது. காலையில் பாய்தான் வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தான். நான் போய் அந்த இரண்டையும் உருவினேன். நோட்டில் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும், இதைக் கழுவி அங்கே வைத்துவிட்டு, பழைய ஜோடியைக் கொண்டுவந்து அண்டக் கொடுத்துவிடப் போகிறேன், ஐந்து நிமிட வேலை. குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கொடிகளுக்கு நடுவில் நிறுத்தினேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பழைய ஜோடியை எடுக்கத் திரும்பும்போது பெரிய சார் வந்துவிட்டார். டிப்போவுக்குப் பொறுப்பான அதிகாரி. "கற்பூரம் காட்டப் போறாங்க, வாங்கம்மா எல்லாரும்" என்று கூப்பிட்டார்கள். போனேன். தீபாராதனை, தேங்காய், பொரி, சுண்டல். பொரியைத் தட்டில் அள்ளிப் போடச் சொன்னார்கள், போட்டேன். பாய் வந்து தன் பங்கை வாங்கிப் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டான். பழைய ஜோடி ஸ்டாண்டிலேயே இருந்தது. எனக்கு நினைவே வரவில்லை.

மதியம் பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். இட்லிக் குண்டான் மூடி சிமெண்டுத் தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பின்னால் நீளமாக ஒரு முனகல். ஓடினோம். நாலாம் லைன் வண்டி இருந்த இடத்தில் இல்லை. மாலையோடும் வாழைக்கன்றோடும் அது மெதுவாக இறங்கிப் போய், லைன் சேருகிற இடத்தில் நின்ற இன்னொரு வண்டியின் மூக்கில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு விளக்கு உடைந்திருந்தது, தகடு கொஞ்சம் மடங்கியிருந்தது. அந்த இன்னொரு வண்டியில் காண்டிராக்டில் பெட்டி துடைக்கிற பெண் ஒருத்தி, திருமுக்கூடல்காரி, வாசலில் நின்று மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். முட்டின வேகத்தில் ஜல்லியில் விழுந்து கிடந்தாள். "கால் எங்க கீதுன்னே தெர்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கால் அங்கேதான் இருந்தது. இடுப்பெலும்புதான் முறிந்திருந்தது.

எல்லோரும் அவளைத் தூக்க ஓடினார்கள். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். பூஜை இடத்தில் ஒருவரும் இல்லை, ஊதுவத்தி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. இரண்டு கட்டைகளையும் எடுத்தேன். மறுநாள் வரை தொடக் கூடாததைத் தொடுகிறோம் என்பது மட்டும்தான் அப்போது தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தேன், குழாயில் கழுவினேன், ஸ்டாண்டில் கொண்டுபோய் வைத்தேன். கை தானாகச் செய்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அன்று தொடங்கிய மரப்பு ரொம்ப நாள் விடவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள். நோட்டில் பாயின் கையெழுத்து இருந்தது, சக்கரத்துக்கு அடியில் கட்டை இல்லை, ஸ்டாண்டில் எல்லாக் கட்டையும் குறையாமல் இருந்தது. வைக்காமலேயே வைத்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலத்துக்குள் அவனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். "நான் வச்சேன் சார், என் புள்ளைங்க மேல சத்தியமா வச்சேன்" என்றான். என் காதுக்குப் பக்கத்தில்தான் சொன்னான். நான் பிரசாதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கேண்டீனில் ஒருவன், "பூஜை நாள்ல பாத்து இப்டி பண்ணிக்கீறான்னா சும்மாவா?" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். இரண்டு பேர் தலையாட்டினார்கள். வேறு நாளாக இருந்தால் அவன் முகத்திலேயே டீயை ஊற்றியிருப்பேன். நான் என் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்தேன்.

நாலாவது நாள் பாய் வந்தான், சஸ்பென்ஷன் காகிதத்தில் ஏதோ கையெழுத்துப் போட. வெளியே கேட்டுக்கு எதிரில் என் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான். சுற்றிவளைக்கவில்லை.

"பொரி வாங்க வந்தப்போ பாத்தேன்க்கா. கொடிங்க நடுவுல ரெண்டு செவப்புக் கட்டை. வேற ஜோடின்னு நெனச்சேன். வேற செவப்பு ஜோடி ஏது நம்மகிட்ட?"

நான் ரோட்டைப் பார்த்தேன். ஒரு கரும்பு டிராக்டர் போனது.

"நீ எடுத்துட்டு வேற வைக்க மறந்துட்ட. அவ்ளோதானே? வேணும்னேவா பண்ண? இல்ல. நீ போயி சொல்லுக்கா."

"நீயே சொல்லேன்" என்றேன். வாயில் வந்த முதல் வார்த்தை அது. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

அவனுக்குக் கோபம் வந்தது. அதுவரை அவன் கோபத்தை நான் பார்த்ததில்லை. "நான் எப்டி சொல்றது? சாமிக்கு வச்சதால வண்டி உருண்டுச்சுன்னு நான் சொன்னா, இன்னா பேசுவாங்க? சாமி மேலயே குத்தம் சொல்றான் பாரு பாய்னு கதைய வேற பக்கம் திருப்புவாங்க. என் அண்ணனுங்க கடை வச்சுக்கினு கீறாங்க அந்த ஊர்ல. ஒன்னால மட்டும்தான்க்கா சொல்ல முடியும்." பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டு, "எக்ஸாமுக்கு இன்னும் பன்னெண்டு நாளு கீது. சஸ்பெண்ட்ல கீறவன உள்ளயே விட மாட்டாங்க" என்றான்.

சொல்கிறேன் என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன்.

பெரிய சாரின் அறை, நான் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு அடுத்த கதவு. தினமும் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போனேன். கதவு பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும். விசாரணைக்கு எப்படியும் என்னைக் கூப்பிடுவார்கள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கேட்காமல் நாமாகப் போய் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும்? இது கருணையில் கிடைத்த வேலை. போனால் திரும்ப வராது. மகளின் படிப்பு நடுவில் நிற்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் பயம் என்று கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. பயந்தால் சோறு இறங்காது, தூக்கம் போகும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேளைக்குச் சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கினேன். அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அணைக்கத் தோன்றவில்லை. மகள்தான் ஓடிவந்து அணைத்தாள். "இன்னாம்மா ஆச்சு உனக்கு, கண்ண தெறந்துக்கினே தூங்குறியா?" என்று கத்தினாள். பதிலுக்குக் கத்தக்கூட எனக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருமுக்கூடல்காரி படுத்த படுக்கையாக இருந்தாள், காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கொண்டுபோன சாத்துக்குடியை உரித்துக் கொடுத்தேன்.

"அந்த பாய்தான் கட்டை வைக்கலியாமே" என்றாள். "அவரு நல்ல மனுஷராச்சே. வண்டிக்கு உள்ள யாரனா கீறாங்களான்னு கூப்டுக் கேட்டுட்டுத்தான் எதுவும் பண்ணுவாரு."

"எனக்குத் தெரியல" என்றேன். ஒரு சுளையில் கொட்டை இருந்தது, அதை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள்.

காலண்டரைத் தினமும் நான்தான் கிழித்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு தாள். ஒரு நாள் காலையில் கிழித்ததும் சிவப்பு வட்டம் போட்ட தாள் மேலே வந்தது. மணி ஏழு. பரீட்சை பத்து மணிக்கு, சென்னையில். அப்போது போய்ச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. அதற்கு முந்தின நாள், அதற்கு முந்தின நாள் சொல்லியிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். பெரிய சார் போன் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். "சாப்டாச்சாம்மா?" என்று கேட்டார். "ஆச்சு சார்" என்றேன். அன்றைக்கு முழுக்க வண்டிகள் வந்தன, போயின. எல்லாவற்றுக்கும் சரியாகக் கட்டை வைத்தேன், சரியாகக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் அந்தத் தாளையும் கிழித்துக் கூடையில் போட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் வெளியிலிருந்து வந்த ஒரு அதிகாரி, பக்கத்தில் எங்கள் பெரிய சார். "அன்னைக்குக் கட்டையை நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். கேட்டதும் கொட்டிவிட்டேன். உருவினது, கழுவினது, பூஜையில் வைத்தது, மறந்தது, துடைத்துத் திரும்ப வைத்தது, எல்லாம். குரல் நடுங்கவில்லை. ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

பெரிய சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கட்டைகளுக்கு முன்னால் நின்றுதான் அவர் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பூஜைன்னு எழுதினா பேஜாராயிடும்மா. சுத்தம் பண்ண எடுத்தேன்னு போட்டுக்கலாமே" என்றார்.

"இல்ல சார். பூஜைக்குத்தான் எடுத்தேன். அப்படியே எழுதுங்க" என்றேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய நான் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். என்ன பிரயோசனம்?

என் வேலை போகவில்லை. தானாக முன்வந்து உண்மையைச் சொன்னதால் என்று எழுதி, சம்பள உயர்வை நிறுத்தினார்கள், அதோடு சரி. தானாக முன்வந்து! அந்த வரியைப் படித்தபோது சிரிப்புக்கூட வரவில்லை. கேண்டீனில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உன் மனசு யாருக்கு வரும்? பாயக் காப்பாத்திட்ட" என்றார்கள். பூஜை நாளைப் பற்றி முணுமுணுத்தவனும் அதில் இருந்தான்.

அடுத்த வாரம் பாய் வேலைக்குத் திரும்பினான். நான் போகும்போதே டியூட்டி ரூமில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நின்றேன். பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "தம்பி" என்றேன்.

"எல்லாரும் சொல்றாங்க, அக்காதான் உன்னக் காப்பாத்துச்சுன்னு" என்றான், நிமிராமல். "நீ பயந்துட்ட, அது எனக்குப் புரியுது. எனக்கும் புள்ளைங்க கீது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு. எக்ஸாம் என்னிக்குன்னு உனக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்லியா?"

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"மறந்து போச்சுன்னு சொல்லுக்கா" என்றான். இப்போது நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது. "நான் நம்பிக்கிறேன். ஒரே ரூம்ல இன்னும் இருவது வருஷம் குப்ப கொட்டணும் நாம ரெண்டு பேரும். சொல்லு."

வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

"ஞாபகம் இருந்துச்சு தம்பி" என்றேன். "தெனமும் இருந்துச்சு."

அவன் குனிந்துகொண்டான். அப்புறம் இன்னொரு ஷூவின் கயிற்றையும் கட்டிக்கொண்டு, விசிலை எடுத்துக்கொண்டு வெளியே போனான். எனக்கு அழுகை வந்தது. அத்தனை நாளில் அன்றுதான் முதல் தடவை, அதுவும் சத்தமாக.